உடற்பருமன் மேலாண்மையில் தாவர உணவுகள்: கொள்ளும் குடம்புளியும்

ஆய்வுச் சுருக்கம்

உடல் எடையைக் குறைப்பதாகக் கருதப்படும் தாவரப் பொருள்களை உணவாக உண்பதற்கும் செறிவூட்டிய மாத்திரையாக உட்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொள்ளு, குடம்புளி ஆகியவற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடற்பருமன், கொள்ளு, குடம்புளி, நார்ச்சத்து, ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம்

முன்னுரை

உடல் செலவிடும் ஆற்றலைவிட உணவால் பெறும் ஆற்றல் நெடுங்காலம் மிகும்போது, எஞ்சியது கொழுப்பாகச் சேர்ந்து உடற்பருமன் உண்டாகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் உடல் நிறை எண் 30 என்பதை இதன் தொடக்க எல்லையாகக் கொள்கிறது. இந்தியர்க்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றுவதால், இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009ஆம் ஆண்டில் இவ்வெல்லையை 25 எனப் பரிந்துரைத்தனர்.

கொள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது பழமொழி. எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உள்ளது. கொழுப்போ 1 கிராமுக்கும் குறைவு. ஆயினும் அதே அளவு கொள்ளு சுமார் 320 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. இது அரிசி தரும் ஆற்றலைவிடச் சிறிதே குறைவாகும். எனவே, கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதைவிட, அதன் புரதமும் நார்ச்சத்தும் மெல்லச் செரிக்கும் மாவுச்சத்தும் பசியடங்கிய உணர்வை நீட்டிக்கின்றன என்பதே பொருந்தும். சோற்றின் ஒரு பகுதிக்கு மாற்றாக உண்டால் பயன் தரும். வழக்கமான சோற்றுடன் கூடுதலாக உண்டால் ஆற்றல் மிகும். ஊறவைத்து, முளைகட்டி, வேகவைக்கும் வீட்டு முறை புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களைக் குறைக்கிறது.

குடம்புளி

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மீன் குழம்புக்குப் புளிப்பூட்டும் குடம்புளியின் தோலில் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் உள்ளது. இது கொழுப்பு உருவாவதற்குத் தேவையான நொதியொன்றைத் தடுப்பதாக விலங்காய்வுகள் காட்டின. அதன் அடிப்படையில் இச்சத்து மாத்திரைகளாக விற்பனைக்கு வந்தது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரங்கள் நடத்திய ஆய்வில் இரு குழுவினர்க்கும் நார்ச்சத்து மிக்க, ஆற்றல் குறைந்த உணவே பரிந்துரைக்கப்பட்டது. மாத்திரை உட்கொண்டோர் சராசரியாக 3.2 கிலோவும், போலி மாத்திரை உட்கொண்டோர் 4.1 கிலோவும் எடை குறைந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. மாத்திரையால் கூடுதல் பயன் விளையவில்லை என்பதே முடிவு. பின்னர் இத்தகைய மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. குழம்பில் சேரும் சில துண்டுகளுக்கும் நாள்தோறும் உட்கொள்ளும் செறிவூட்டிய சத்துக்கும் அளவில் பெரும் வேறுபாடு உண்டு.

முடிவுரை

தாவரத்திலிருந்து பெறப்பட்டது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகவோ பயனுள்ளதாகவோ ஆகிவிடாது. தாவர உணவுகள் உணவுத்தட்டில் ஆற்றல் மிகுந்த உணவின் இடத்தைப் பெறும்போதே உடற்பருமன் மேலாண்மைக்குத் துணையாகின்றன. பழமொழி எள்ளுக்கு மாற்றாகக் கொள்ளைச் சுட்டுவதும் இக்கருத்துக்கு இயைந்ததாகும். மரபுணவு குறித்த ஆய்வுகள் ஒரு பொருளின் சத்துகளைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், அது எவ்வளவு, எவ்வாறு, எதற்கு மாற்றாக உண்ணப்படுகிறது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.