தொண்டைக்குள் நின்ற பேச்சு

‘மைக்’ என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டில் என் வாய் ஓய்வதே இல்லை என்று இவர் கேலி செய்வார். ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தாவது படிக்கையில் திருக்குறள் ஒப்புவிக்க மேடையேறி, பாதியில் அழுதுகொண்டே இறங்கியவள் நான்.

அப்படிப்பட்டவளைப் போய், என் சின்னப் பெண் படிக்கும் பள்ளியில் 2024-ல் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கி விட்டார்கள்! இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நம் தமிழ்நாட்டில் தலைவர் பொறுப்பைத் தாய்மாருக்கே கொடுத்திருக்கிறார்கள். சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. பேச்சை யார் கொடுப்பது?

அந்தச் சமயத்தில் சின்னவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. டாக்டரம்மா கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. காலையில் வீட்டை விட்டுப் போனால் சாயந்திரம் வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். “பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்லம்மா. ஒருத்தி வெளியில நின்னு பிடிச்சுக்கணும். அதான் போறதே இல்ல” என்றாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அந்த மாதக் கூட்டத்தில் இதைக் கேட்டே தீருவது என்று கிளம்பினேன். என் முறை வந்தது. எழுந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “எல்லாம் நல்லபடியா இருக்குங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்!

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன்.

கல்லூரியில் படிக்கும் பெரியவள்தான் கைப்பேசியை என் கையில் கொடுத்தாள். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ‘ஸ்வயம்’ என்ற இணையக் கல்வியில், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். சேருவதற்குப் பணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்று பரீட்சை எழுதினால்தான் கட்டணம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி. ரவிச்சந்திரன், மென்திறன்களும் ஆளுமையும் பற்றி நடத்தும் பாடத்தில் அவள் சேர்ந்திருந்தாள். ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். இங்கிலீஷில்தான் நடக்கும். எனக்குப் பாதி புரியும், மீதியைப் பெண் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். (சில பாடங்களைத் தமிழிலும் மொழிபெயர்த்துத் தருகிறார்கள்.)

அவள் தேடித் தேடிக் காட்டியதில் முதலில் ஒன்று புரிந்தது. பயம் ஒரு வியாதி அல்ல. ஆபத்து என்று மனசு நினைத்தால் உடம்பு அட்ரினலின் என்ற சுரப்பு நீரை விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கு என்று ஏற்பட்டது, மைக்கைப் பார்த்தாலும் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். பேசுமுன் மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததை விட அதிக நேரம் எடுத்து வெளியே விட்டால் படபடப்பு தணிகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு வாய் குடிப்பதும் நல்லது. 2014-ல் ஹார்வர்டில் ஒரு பேராசிரியை சோதித்துப் பார்த்தாராம். மேடைக்கு முன் ‘பதறாதே’ என்று சொல்லிக்கொண்டவர்களை விட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்களாம். எனக்கென்னவோ இது பொய் சொல்வது போலத்தான் பட்டது. மூச்சுதான் எனக்குக் கை கொடுத்தது.

இன்னொன்றைக் கேட்டு மனசு லேசானது. காந்தியடிகளே பம்பாயில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்று, தலை சுற்றி, ஒரு கேள்வி கூடக் கேட்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம்! சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் செஞ்சியில் நான் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகள் ஒரு யோசனை சொன்னாள். அங்கே பல கல்லூரிகளில் மேடைப் பேச்சே ஒரு பாடம். அதை இணையத்தில் படிப்பவர்கள், வீட்டில் பெரியவர்கள் சிலரை உட்கார வைத்து அவர்கள் முன் பேசி, வெட்டாமல் ஒட்டாமல் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். “அத்தை, நீங்களும் அப்படியே செய்யுங்க” என்றாள்.

செய்தேன். மாமியார், ஓரகத்தி, எதிர்வீட்டு அக்கா, பூக்காரம்மா என்று நாலு பேர் எனக்குச் சபை. பூக்காரம்மா கை பாட்டுக்குக் கட்டிக்கொண்டே கேட்பார். பெரியவள் படம் பிடிப்பாள். நம் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததல்லவா? மராட்டியர் ஆண்ட பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும்தான். அதையே முதல் பேச்சாக வைத்துக்கொண்டேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, கல்யாண மகால் என்று மூன்று நிமிஷம்.

படத்தைப் போட்டுப் பார்த்தால் அவமானமாக இருந்தது! மூச்சுக்கு மூச்சு ‘வந்து… வந்து…’ எண்ணியதில் பதினேழு. முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தேன். மாமியார் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. “நீ தரையைப் பாத்து பேசுற. தரையா உனக்குப் பதில் சொல்லப் போவுது?” என்றார். எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

‘வந்து’ வரும் இடத்தில் வாயை மூடிச் சும்மா நிற்கப் பழகினேன். முதலில் அந்த ஒரு கணம் ஒரு யுகம் போலத் தோன்றும். படத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. முழுவதையும் மனப்பாடம் செய்வதை விட்டேன். ஒரு சொல் மறந்தால் எல்லாமே போய்விடுகிறதே! துண்டுக் காகிதத்தில் மூன்றே வார்த்தைகள். எதைக் கேட்கப் போகிறேனோ அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். நமக்கோ ஊர் சமாச்சாரமெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் விஷயத்துக்கு வருவதுதானே வழக்கம்!

அடுத்த கூட்டத்தில் காகிதத்தில் இருந்தவை: தாழ்ப்பாள், தண்ணீர், தேதி. கை நடுங்கத்தான் செய்தது. காகிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டேன். எதிர்வரிசையில் ஒரு தாயின் முகத்தை மட்டும் பார்த்து, “பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேணுங்க. அது இல்லாததால என் பொண்ணு தண்ணி குடிக்கிறதில்ல” என்றேன். நிறுத்தினேன். அந்தத் தாய் எழுந்து, “என் பொண்ணும்தாங்க” என்றார். பின்னால் இன்னொருவர். எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, தீர்மானத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தாழ்ப்பாள் பத்து நாளில் வந்துவிட்டது. சின்னவள் தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டு வருகிறாள். கழிப்பறைக் குழாயில் மட்டும் இன்னும் தண்ணீர் சரியாக வருவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம். துண்டுக் காகிதம் எழுதி, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.