பஸ்ஸர் கத்தினால் போதுமா? லாரி எஞ்சின் பிரேக்கில் மின்பழுது தேடுவது

செலியமேடு, பாகூர் பக்கமெல்லாம் சமதரை. வயலும் வாய்க்காலும்தான், மேடு பள்ளம் கிடையாது. இங்கே ஓடும் லாரியில் எஞ்சின் பிரேக் செத்துப் போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது. அதே லாரி பெங்களூரு போய்விட்டு, தருமபுரியிலிருந்து சேலத்துக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறங்கும்போதுதான் தெரியும். அந்த இடத்தில் தெரிந்து என்ன பயன்?

அதனால் இந்தப் பழுதைச் சமதரையிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு குறிப்பு. நான் மெக்கானிக் இல்லை, மென்பொருள்காரன். ஆனால் இன்றைய லாரியில் பாதி வேலை கம்ப்யூட்டர் பார்ப்பதால், எங்கள் ஆட்களுக்குப் பழகிய யோசனை இங்கேயும் உதவுகிறது.

எஞ்சின் பிரேக் எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு. 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், சுமார் 24.5 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போய்த் தொலைய வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. காலால் மிதிக்கும் பிரேக்கை மட்டும் நம்பினால், அதில் பெரும்பகுதி பிரேக் டிரம்முக்கும் லைனருக்கும்தான் போகும். டிரம் சூடாகி விரியும், லைனர் பிடிப்பை இழக்கும். கடைசியில் மிதித்தாலும் வண்டி நிற்காது.

எஞ்சின் பிரேக் அந்தச் சூட்டில் ஒரு பங்கை எஞ்சின் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளுகிறது. நம்மூரில் அதிகம் பார்ப்பது எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயில் ஒரு தகடு மூடிக்கொள்ளும், புகை வெளியேற முடியாமல் எஞ்சின் திணறும், வண்டி மட்டுப்படும். இன்னொரு வகையில், பிஸ்டன் காற்றை அழுத்தி முடிக்கும் நேரத்தில் வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியேற்றிவிடுவார்கள். கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல், ரயில்வே கேட்டில் ஒரு ரயிலில் மோதுவதிலிருந்து மயிரிழையில் தப்பினார். அந்த அனுபவத்தை மறக்காமல் பின்னாளில் அவர் வடிவமைத்த எஞ்சின் பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எந்த வகையானாலும் மின்சாரப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்விட்ச், கம்ப்யூட்டர் (இசியூ), ஒயர், சோலனாய்டு. சோலனாய்டு திறந்தால் காற்றோ எஞ்சின் ஆயிலோ பாய்ந்து மீதி வேலையைச் செய்யும்.

முதல் கேள்வி: உத்தரவு கிளம்புகிறதா?

ஸ்விட்சைப் போட்டவுடன் எஞ்சின் பிரேக் வந்துவிடாது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்திருக்க வேண்டும். கிளட்சிலும் கால் இருக்கக் கூடாது. எஞ்சின் சுற்று குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும். ஏபிஎஸ் வேலை செய்துகொண்டிருந்தால் இசியூ எஞ்சின் பிரேக்கை விட்டுவிடும். இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் உத்தரவு கிளம்பாது.

ஆக, சோலனாய்டைக் கழற்றுவதற்கு முன், ஸ்கேன் டூலை மாட்டி இந்த நிலைகளைப் பார்க்க வேண்டும். கிளட்ச் பெடலில் உள்ள ஸ்விட்ச் கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும், 'கால் கிளட்சில்தான் இருக்கிறது' என்றே இசியூ நினைத்துக்கொண்டிருக்கும். வண்டியில் குரூஸ் கன்ட்ரோல் இருந்து அதுவும் சேர்ந்து படுத்திருந்தால், சந்தேகம் முதலில் அந்த ஸ்விட்ச் மேல்தான் போக வேண்டும்.

பழுதுக் குறியீட்டைப் படிப்பது

கனரக வண்டிகளில் பரவலாக உள்ள ஜே1939 முறையில் குறியீட்டுக்கு இரண்டு பகுதிகள். எஸ்பிஎன் என்பது எந்த உறுப்பு என்று சொல்லும். எஃப்எம்ஐ என்பது அதற்கு என்ன ஆச்சு என்று சொல்லும். உதாரணமாக, எஸ்பிஎன் 1072 என்றால் எஞ்சின் கம்ப்ரஷன் பிரேக்கின் முதல் வெளியீடு. எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு. 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது ஒயர் அறுந்த நிலை. 6 என்றால் கரன்ட் அதிகம் அல்லது எர்த்தில் தட்டுகிறது.

இதில் 5 வந்தவுடனேயே சோலனாய்டை மாற்றிவிடுவது பலரது பழக்கம். குறியீடு சொல்வது அந்தச் சர்க்யூட்டில் கரன்ட் போதவில்லை என்பதை மட்டும்தான். காரணம் சோலனாய்டாக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், நடுவில் உள்ள கப்ளராகவும் இருக்கலாம்.

மீட்டர் எங்கே ஏமாற்றும்?

எங்கள் ஊர்ப்பக்கத்து லாரி ஒன்றில் இதேதான் நடந்தது. 24 வோல்ட் வண்டி. "காலையில நல்லா புடிக்குது தம்பி, நாலு மணி நேரம் ஓடினா நின்னுபோவுது" என்றார் டிரைவர் அண்ணன். சோலனாய்டு ஏற்கெனவே புதிதாக மாற்றியாகிவிட்டது. ஒயரில் மீட்டர் வைத்தால் பஸ்ஸர் கத்தியது. கப்ளரைக் கழற்றி வோல்டேஜ் பார்த்தால் முழு 24 இருந்தது. எல்லாம் சரி, பிரேக் மட்டும் இல்லை.

இங்கேதான் ஓம் விதியை ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும். சோலனாய்டு சுருள் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் ஓடும். வழியில் ஒரு கப்ளரில் களிம்பு ஏறி 20 ஓம் தடை சேர்ந்துவிட்டால், சோலனாய்டுக்குக் கிடைப்பது 16 வோல்ட், 0.4 ஆம்பியர். எஞ்சின் சூட்டில் சுருள் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால், செம்பின் தடை ஏறக்குறைய 30 சதவீதம் ஏறி சுமார் 52 ஓம் ஆகும். கரன்ட் 0.33 ஆம்பியருக்கு இறங்கிவிடும். காலையில் பிடித்து மதியம் நிற்பதன் காரணம் இதுதான்.

மீட்டர் ஏன் சொல்லவில்லை? பல மீட்டர்களில் 20 ஓம் தடைக்கும் பஸ்ஸர் கத்தும். வோல்டேஜ் பார்க்கும்போது மீட்டர் இழுக்கும் கரன்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். கரன்ட் ஓடாத இடத்தில் வோல்டேஜ் இழப்பும் இருக்காது. ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட 24 வோல்ட் காட்டும்.

சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஸ்கேன் டூல் மூலம் சோலனாய்டை இயக்கச் சொல்லி, அது இயங்கும்போதே வோல்டேஜ் அளக்க வேண்டும். (எக்ஸாஸ்ட் தகடும் அதன் சிலிண்டரும் சட்டென்று நகரும், கை வைக்க வேண்டாம். சக்கரத்துக்குக் கட்டை போடுவதும் அவசியம்.) சோலனாய்டின் இரு முனைக்கும் நடுவில் 16 தான் இருக்கிறது என்றால், மீதி 8 வோல்ட் எங்கே காணாமல் போனது என்று தேட வேண்டும். பாதையைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் இழப்பு என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பிரிப்பது. நிரலில் பிழை தேடும் அதே முறைதான்.

அந்த லாரியில் நாலாவது அளவிலேயே இடம் கிடைத்துவிட்டது. சேஸிஸுக்கு அடியில் ஒரு கப்ளர், உள்ளே பச்சைக் களிம்பு. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் கிழிந்திருந்தது. பின்னையும் ரப்பரையும் மாற்றியதும் வோல்டேஜ் இழப்பு கால் வோல்ட்டுக்குக் கீழே வந்தது.

மாற்றிய பிறகு

குறியீட்டை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சில இசியூக்கள் அந்த வெளியீட்டை இயக்கும்போது மட்டும்தான் ஒயர் அறுந்ததைக் கண்டுபிடிக்கும். சமதரையில் யாரும் அந்த ஸ்விட்சைத் தொடாவிட்டால் குறியீடே பதியாது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, காலி ரோட்டில் கியரில் வைத்து, ஆக்சிலேட்டரை விட்டு, சத்தமும் இழுப்பும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் தொப்பூரில் நீண்ட நாள் பிரச்சினை. நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, எஞ்சின் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அதோடு, மின்னணு டீசல் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரியும். மிச்சம் என்று நினைப்பது உண்மையில் செலவு.

அடுத்த தடவை மலை இறங்கும் லோடு ஏற்றுவதற்கு முன்னால், ஊரிலேயே ஒரு தடவை அந்த ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.