பகி வண்டியின் முன் தொங்கல் அமைப்பு மாற்றம்

பகி வண்டியின் முன் தொங்கல் அமைப்பு மாற்றம் என்பது, பாதையற்ற நிலங்களில் ஓட்டப்படும் பகி எனும் இலகு வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பை நீக்கி, அவ்விடத்தில் வேறு வகை அமைப்பைப் பொருத்துவதைக் குறிக்கும். சஸ்பென்ஷன் என்று பரவலாக அறியப்படும் தொங்கல் அமைப்பு, சக்கரம் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப மேலும் கீழும் அசையவும், அவ்வசைவின் அதிர்ச்சி வண்டியின் சட்டகத்தைத் தாக்காதிருக்கவும் உதவுகின்றது. ஃபோல்க்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்ட பகிகளிலேயே இம்மாற்றம் பெரிதும் செய்யப்படுகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964 இல் மேயர்ஸ் மாங்ஸ் என்ற கண்ணாடியிழை உடல் கொண்ட பகியை உருவாக்கினார். பின்னர் வந்த மாங்ஸ் வண்டிகள், நீளம் குறைக்கப்பட்ட பீட்டில் அடித்தளத்தின் மீது கட்டப்பட்டன. 1967 நவம்பரில் மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா தீபகற்பத்தில் நடைபெற்ற முதலாவது மெக்சிகன் 1000 போட்டியில், விக் வில்சன், டெட் மாங்கல்ஸ் ஆகியோர் மாங்ஸ் பகியை ஓட்டி 27 மணி 38 நிமிடத்தில் வென்றனர். பாலைவன ஓட்டத்தில் வேகம் கூடியபோது, சக்கர அசைவின் அளவையும் கூட்டவேண்டிய தேவை எழுந்தது.

மூல அமைப்பு

பீட்டிலின் முன் அச்சில் இரண்டு குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே அமைந்துள்ளன. ஒவ்வொரு குழாயினுள்ளும் எஃகுத் தகடுகளாலான ஒரு கட்டு உள்ளது. இக்கட்டு நடுவில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளிலும் பின்னோக்கி நீளும் கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் மேலெழும்போது கரம் தகடுகளை முறுக்குகின்றது. அம்முறுக்கமே இங்கு வில்லாகத் தொழிற்படுகின்றது.

1965 ஆம் ஆண்டு மாதிரி வரை இக்கரங்கள் கிங் பின், லிங்க் பின் ஆகியவற்றால் சக்கரத்துடன் இணைக்கப்பட்டன. 1966 மாதிரியிலிருந்து பந்து மூட்டுகள் பயன்படுத்தப்பட்டன. இரு வகை அச்சுகளும் அடித்தளத்தின் முன் தலையில் நான்கு போல்ட்டுகளால் பிணைக்கப்படுபவை. ஆனால், மெக்பர்சன் வகைத் தொங்கல் கொண்ட சூப்பர் பீட்டிலின் முன் தலை வேறு வடிவுடையது. அதில் இவ்வச்சுகளை நேரடியாகப் பொருத்த இயலாது.

மாற்றத்தின் தேவை

மூல அமைப்பு எளியது, வலுவானது. எனினும் அதற்குச் சில வரம்புகள் உள்ளன.

முதலாவது, சக்கர அசைவின் அளவு. பந்து மூட்டு ஓர் எல்லைக்கு மேல் சாயும்போது அதன் தண்டு கூட்டில் முட்டுகின்றது. அதன் பின்னும் விசை தொடர்ந்தால் மூட்டு உடையக்கூடும். இதனாலேயே பாலைவன ஓட்டுநர்கள் பலர் பழைய லிங்க் பின் அச்சை விரும்புகின்றனர்.

இரண்டாவது, கேம்பர் கோணம். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவே கேம்பர் ஆகும். பின்னோக்கிய கரங்களில், வளைவில் உடல் சாயும் அளவுக்கே சக்கரமும் சாய்கின்றது. அதனால் வெளிப்பக்கச் சக்கரத்தின் பிடிமானம் குறைகின்றது.

இரட்டைக் கர அமைப்பு

முழுமையான மாற்றத்தில் குழாய் அச்சு அகற்றப்பட்டு, எஃகுக் குழாய்களாலான புதிய முன் சட்டகம் பற்றவைக்கப்படுகின்றது. அதன் இரு பக்கமும் மேலும் கீழுமாக ஏ வடிவக் கரங்கள் பொருத்தப்படுகின்றன. மேற்கரம் கீழ்க்கரத்தைவிடக் குட்டையாக இருப்பின், சக்கரம் உயரும்போது அதன் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். வளைவில் உடல் சாய்வதை இது ஓரளவு ஈடுசெய்கின்றது.

வில்லின் கணக்கு

சுருள்வில் பொதுவாகக் கீழ்க்கரத்தின் இடையில் பொருத்தப்படுவதால், வில்லின் விறைப்பும் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பும் ஒன்றல்ல. வில்லின் அசைவைச் சக்கரத்தின் அசைவால் வகுத்தால் அசைவு விகிதம் கிடைக்கும். வில்லின் விறைப்பை இவ்விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சக்கரத்தின் விறைப்பு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, விகிதம் 0.5 எனவும் வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் எனவும் கொள்வோம். சக்கரத்தின் விறைப்பு 40 × 0.25 = 10 நியூட்டன் ஆகும். அச்சக்கரத்தின் மீது தாங்கப்படும் நிறை 120 கிலோகிராம் எனில் விசை ஏறத்தாழ 1177 நியூட்டன். முன்னிறுக்கம் இல்லாத நிலையில் வண்டி ஏறத்தாழ 118 மில்லிமீட்டர் அமரும். பகியின் இயந்திரம் பின்புறம் இருப்பதால் முன்பகுதி இலேசானது. வேறு காரின் முன் வில்லை அப்படியே பயன்படுத்தினால் அது மிகவும் விறைப்பாக அமைந்துவிடக்கூடும்.

திசைமாற்றி

மாற்றத்தின் மிக ஆபத்தான பகுதி இதுவே. சக்கரம் உயரும்போது டை ராடின் வெளிமுனை ஒரு வில்வரையிலும், சக்கரம் வேறொரு பாதையிலும் நகர்ந்தால், ஓட்டுநர் திசைமாற்றியைத் திருப்பாமலேயே சக்கரம் திரும்பிவிடும். அதிவேகத்தில் ஒரு மேட்டின் மீது ஏறும்போது இது நிகழ்ந்தால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். பீட்டிலின் திசைமாற்றிப் பெட்டி நடுவில் இல்லாததால் அதன் இரு டை ராடுகளும் வெவ்வேறு நீளமுடையவை. அப்பெட்டியை மாற்றாமல் புதிய கரங்களை மட்டும் பொருத்துவது இக்குறையை மேலும் பெருக்கக்கூடும்.

இதைத் தவிர்க்க, பல்சட்டத் திசைமாற்றியை நடுவில் பொருத்துவர். டை ராடின் உள்முனை, இரு கரங்களின் உள்மூட்டுகளை இணைக்கும் கோட்டில் அமையவேண்டும். அதன் வெளிமுனை, வெளிமூட்டுகளை இணைக்கும் கோட்டில் அமையவேண்டும். மேலும், முன்னிருந்து பார்க்கையில் இரு கரங்களின் நீட்சிக் கோடுகள் சந்திக்கும் புள்ளியை நோக்கியே டை ராடும் அமையவேண்டும்.

சோதனை

இறுதிப் பற்றவைப்புக்கு முன் வில்களை நீக்கி, சக்கரத்தைக் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் சக்கரம் திரும்பும் அளவு குறிக்கப்படுகின்றது. திசைமாற்றியை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, மூட்டுகள் எங்கும் முட்டவில்லை என்பதும் உறுதிசெய்யப்படுகின்றது. வண்டி தரையைவிட்டு எழும்போது மூட்டுகளும் அதிர்வேற்பிகளும் இழுபடாதிருக்க எல்லைப் பட்டிகளும், அசைவின் மேல் எல்லையில் மோதலைத் தாங்க ரப்பர் தடுப்பிகளும் பொருத்தப்படுகின்றன.

குறைகள்

இரட்டைக் கர அமைப்பில் பாகங்களும் மூட்டுகளும் அதிகம். செலவும் பராமரிப்பும் அதற்கேற்பக் கூடும். பற்றவைப்பில் நேரும் சிறு பிழையும் சக்கரக் கோணங்களைப் பாதிக்கும். மிதமான வேகத்தில் மணலில் ஓட்டப்படும் பகிக்கு, நல்ல நிலையிலுள்ள லிங்க் பின் அச்சும் தரமான அதிர்வேற்பிகளுமே பெரும்பாலும் போதுமானவை.