மீன்தொட்டியில் ஒரு பசும்புல்



எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தின் சார்பில், நூல்நிலையத்தின் ஒரு மூலையில் கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை அமைத்துப் பேணி வருகின்றோம். அதன் நடுவே சிறிய புற்றரையைப் போல் அடர்ந்து நிற்கும் செடியைக் காண்போர், "இஃது என்ன புல்? நீருக்குள் எப்படி வளர்கிறது?" என்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்செடியின் பெயர் பிளிக்சா ஜப்போனிக்கா. தோற்றத்தில் புல்லை ஒத்திருப்பினும் இது புல்லினத்தைச் சேர்ந்ததன்று. அறிவியல் பாடத்தில் இடம்பெறும் ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா ஆகிய நீர்ச்செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததாகும். பெயரில் ஜப்பான் இருந்தாலும் அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆசியாவின் வெப்பநாடுகள் பலவற்றில் நெல்வயல்களிலும் ஆழமற்ற குட்டைகளிலும் தானாகவே வளர்கிறது. உழவருக்கு அது களை. மீன் வளர்ப்போருக்கோ அது செல்வம்.

பள்ளியில் குழுப்படம் எடுக்கும்போது சிறுவர்களை முன்வரிசையில் அமர்த்துகிறோம். உயரமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்துகிறோம். தொட்டியில் செடிகளை நடுவதும் அவ்வாறே. பிளிக்சா ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமே வளர்வதால் நடுவரிசைக்கு ஏற்றது. முன்னே தரையோடு படரும் செடியும், பின்னே உயர்ந்து வளரும் செடியும் இருக்க, இடையில் இது நின்று இரண்டையும் இணைக்கிறது.

இனி, நடும் முறையைக் காண்போம். தொட்டியின் அடியில் சத்துள்ள மண்ணை இட்டு, அதன்மேல் கழுவிய மணலைப் பரப்ப வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் கனம் இருத்தல் நலம். இச்செடியின் வேர் வலுவற்றது. தண்டும் மிகக் குறுகியது. ஆகவே, நட்டவுடன் மேலே மிதந்து வந்துவிடும். சிறு இடுக்கியால் வேரைப் பிடித்து, மணலில் சற்றுச் சாய்வாக ஆழ ஊன்றி, வேர் பிடிக்கும்வரை சிறு கற்களை அருகில் வைத்துத் தாங்கச் செய்யலாம். ஒரு செடிக்கும் மறு செடிக்கும் இடையே 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

கடினமற்ற, சிறிதளவு அமிலத்தன்மை கொண்ட நீரே இதற்கு உகந்தது. வெப்பநிலை 22 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் விளக்கொளி போதுமானது. நேர் வெயிலில் தொட்டியை வைத்தால் பாசி பெருகிவிடும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய்நீரில் உள்ள குளோரின், நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் நீங்கிவிடும். குளோரமைன் சேர்க்கப்பட்ட நீராயின் அவ்வாறு நீங்காது. மீன் கடைகளில் கிடைக்கும் நீர்மருந்தைக் கலந்த பின்னரே ஊற்ற வேண்டும்.

பகலில் இச்செடி மீன்கள் வெளிவிடும் கரியமிலவாயுவை ஏற்று, ஒளியின் துணையால் உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளியிடுகிறது. ஒளி மிகுந்த வேளையில் இலைகளின்மீது முத்துகளைப் போல் நீர்க்குமிழிகள் தோன்றுவதைக் காணலாம். இரவிலோ செடியும் மீனைப்போல் பிராணவாயுவையே உட்கொள்கிறது. ஆதலால், செடி இருக்கிறது என்று எண்ணி மீன்களை அளவுக்கு மீறி நெருக்கி வளர்த்தலாகாது.

நாங்கள் செய்த இரு தவறுகளையும் மறைக்காமல் கூற விரும்புகின்றோம். முதன்முறை நட்ட பத்தாம் நாளில் இலைகள் கண்ணாடிபோல் வெளிறி அழுகத் தொடங்கின. செடி இறந்துவிட்டதென்று எண்ணி, பிடுங்கி எறிந்துவிட்டோம். இடம் மாறிய நீர்ச்செடிகள் பழைய இலைகளை உதிர்ப்பது இயல்பு என்பதையும், குருத்து உறுதியாய் இருப்பின் புதிய இலை வரும் என்பதையும் பின்னரே அறிந்தோம். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியை வாயால் சொல்லி வந்த நாங்கள், அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தோம்.

இரண்டாவது தவறு இன்னும் கொடியது. மறுமுறை நட்ட செடிகள் விரைவில் வளர வேண்டுமென்ற ஆசையால், செம்பனைக்கு இடும் உரத்தில் ஒரு பிடியை எடுத்துத் தொட்டியில் தூவினோம். மறுநாள் காலையில் ஐந்து கப்பி மீன்கள் இறந்து மிதந்தன. மீன்களுக்கு உணவிடும் பொறுப்பை ஏற்றிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. பரந்த நிலத்தில் மரத்துக்கு உணவாகும் அம்மோனியச் சத்து, சிறு தொட்டி நீரில் மீனுக்கு நஞ்சாகிவிடுகிறது. தோட்டத்து ஓடையும் ஒரு மீன்தொட்டியே. உரச் சாக்குகளையும் மருந்துத் தெளிப்பான்களையும் ஓடையில் கழுவலாகாது என்பதன் காரணத்தை எங்கள் மாணவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை; கண்ணால் கண்டறிந்தனர்.

உடனே நீரில் பாதியை மாற்றினோம். அடுத்த சில நாள்களும் சிறிது சிறிதாக மாற்றி வந்தோம். எஞ்சிய மீன்கள் பிழைத்தன. இம்முறை செடிகளைப் பிடுங்காமல் பொறுமையுடன் காத்திருந்தோம். சில வாரங்களில் குருத்துகள் துளிர்த்தன. பின்னர்ப் பக்கக் கிளைகள் தோன்றின. அவற்றை வேருடன் பிரித்து நட்டதால் இன்று நடுவரிசை முழுவதும் பசுமை நிறைந்துள்ளது. அவ்வப்போது மெல்லிய வெண்ணிற மலர்களும் பூக்கின்றன.

மாணவமணிகளே! தொட்டிச் செடி அலங்காரப் பொருளன்று. நம் கையை நம்பி வாழும் ஓர் உயிர். பிரித்தெடுத்த செடிகள் மிகுதியானால் அவற்றை ஆற்றிலோ கால்வாயிலோ எறியாமல் நண்பர்களுக்கு வழங்குங்கள். வீட்டில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டி இருப்பின் எங்களிடம் வாருங்கள்; ஒரு கன்று தருகின்றோம். அதனை அவசரமின்றி, அன்புடன் வளர்த்து வாருங்கள்.