எஞ்சின் ஓடுது, வண்டி நகரலை: புல்வெட்டி வண்டியில் பழுது எங்கே?

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி வழுக்கினால், "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்பார்கள். உடனே நம்பாதீங்க. எப்போது வழுக்குகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கு.

ஸ்டார்ட் செய்ததுமே வழுக்கினால் பெல்ட்டைப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றிய பிறகே கை வைக்கணும். வி-பெல்ட் பிடிப்பது தன் இரண்டு பக்கங்களால். தேய்ந்தால் புல்லிப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து பிடியை இழக்கும். பக்கங்கள் பளபளத்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

புது பெல்ட் போட்டும் வழுக்குதா? பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் ஆர்மை அசைத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் அதன் அச்சு துருப்பிடித்தால், ஸ்பிரிங் இழுத்தாலும் நகராது. துருவைச் சுரண்டி கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிடும்.

ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில், கையால் தள்ளுவதற்காக இழுத்த பைபாஸ் லீவர் முழுசா திரும்பலைன்னாலும் இழுவை இருக்காது.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மேட்டில் திணறினால் கதை வேறு. ஆயில் சூடாகி இளகி, பம்புக்குள்ளேயே கசிகிறது. செங்கல்பட்டு மே வெயிலில் இது சீக்கிரமே தெரியும். முதலில் கூலிங் ஃபேனில் அடைத்த புல்லை எடுங்கள். வசதி இருந்தால் ஆயிலை மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். அப்புறமும் திணறினால், கியர்பாக்ஸ் செலவைப் பற்றிப் பேசலாம்.