மோட்டுவளையைக் கொஞ்சம் பாருங்க சார்!

'ஓட்டு வீடா? ஜில்லுனு இருக்குமே!' என்று ஆபீஸில் பெருமூச்சு விடுகிறவர்களை, ஒரு மே மாத மத்தியானம் திருவேற்காட்டுக்குக் கூட்டி வந்து எங்கள் கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். தலைக்கு மேலே சீமை ஓடு தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டை அப்படியே இறக்கி நம் தலையில் கொட்டும். நாமாவது பகலில் ஆபீஸ் ஏ.சி.யில் தப்பித்துக் கொள்கிறோம். வீட்டில் வேகிறது பாட்டி!

சீமை ஓடு என்று பெயரே தவிர, இது 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை போட்டுச் சுட ஆரம்பித்த ரகம். மெல்லிசு. அதனால் வெயில் தாழ்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளமோ பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் பாய் விரிக்கும் நேரமாகப் பார்த்துக் கக்கும். 'ஓட்டைப் பிரிச்சுட்டுத் தளம் போட்டுடலாமா?' என்று அப்பா கேட்டபோது நான் வேண்டாம் என்றது இதனால்தான். (பணம் இல்லை என்பது உபகாரணம்!)

கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். தெர்மோகோலில் ஃபால்ஸ் சீலிங் அடித்து, சந்து பொந்தெல்லாம் சிமென்ட் பூசி அடைத்துவிடலாம் என்றார். அங்கேதான் வம்பு. மேலே ஏறுகிற சூடான காற்றுக்கு வெளியே போக வழி வேண்டாமா? அடைத்தால் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஓர் அடுப்பு ரெடி. மழையில் ஒழுகுகிற ஈரமும் அங்கேயே தங்கி, கைமரமும் ரீப்பரும் உளுத்துப்போகும். பக்கத்தில் பழைய ஒயர் பொறி விட்டால் தெர்மோகோல் பற்றிக்கொள்ளும் என்பது வேறு.

கிழட்டு மேஸ்திரி ஒருவர் கணக்கு சிம்பிள். "கீழே ஒரு வாசல், மேலே ஒரு வாசல் வையுங்க தம்பி. காத்து அதுபாட்டுக்குப் போயிரும்."

அதாவது, தாழ்வார ஓரத்தில் நீளமாக இடைவெளி. உச்சியில் மோட்டு ஓட்டைச் சாரல் அடிக்காதபடி சற்றே தூக்கி வைப்பது. இரண்டுக்கும் கம்பி வலை, எலிக்கும் அணிலுக்கும் அனுமதி இல்லை. நடுவே அலுமினிய ஃபாயில் விரிப்பு, ஓட்டைத் தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளி. தொட்டால் சூடு நேரே இறங்கிவிடும். மினுமினுப்பு வெறும் அலங்காரம் இல்லை, சூட்டுக் கதிரைத் தடுப்பதே அதுதான். பளபளக்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பவிசு போய்விடும். ஃபாயிலுக்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டு சீலிங் பலகை.

ஏ.சி. மாட்டப் போகிறீர்களா? அப்படியானால் சீலிங் பலகையில் ஓட்டை உடைசல் கூடாது. காற்றோட்டம் பலகைக்கு மேலே மட்டும்தான். இல்லாவிட்டால் திருவேற்காட்டு ஆகாயத்தையே குளிர வைத்துவிட்டு, கரன்ட் பில்லை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்!