விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

சம்பா அறுவடை நேரம். காலை 9 மணிக்கு ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து 52 வயது விவசாயி ஒருவரை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. வாயில் ஓமவாட்டர் வாடை. நெஞ்சைப் பிடித்தது இரவு 2 மணிக்கு. "வாயுன்னு நெனச்சு சோடா குடுத்தோம் சார். ஏப்பம் வந்துச்சு, வலி போகல" என்றார் மனைவி. பிறகு பெருங்காயம், அப்புறம் மருந்துக்கடை திறக்கும்வரை காத்திருந்து ஒரு கேஸ் மாத்திரை. அந்த 7 மணி நேரமும் ரத்தம் கிடைக்காத இதயத்தசை செத்துக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இனி மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்ட முடியாது.

வாயு என்கிற சமாதானம்

ஏப்பம் வந்துவிட்டால் மாரடைப்பு இல்லை என்று யார் சொன்னது? நெல் மூட்டையை ஏற்றிவைத்தது போல நெஞ்சில் பாரம், கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, சில்லென்ற வியர்வை இருந்தால் கைவைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்குச் சில சமயம் முதுகுவலி, குமட்டல், மூச்சுத்திணறல், அசதி என்றுதான் வரும். நடவு நட்ட அலுப்பு என்று படுத்துவிடுகிறார்கள்.

உழைக்கிற உடம்புக்கு வராதா?

தாத்தா காலத்துப் பேச்சு அது. இன்று உழுவது டிராக்டர், அறுப்பது மிஷின், வயலைப் பார்க்கப் போவது பைக்கில். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. கூடவே பீடி, வெற்றிலை சீவலோடு அடக்கிக்கொள்ளும் புகையிலை.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கரையாது. வருஷக்கணக்கில் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் படிந்த கொழுப்பு அது. ஒருநாள் அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைப்பதுதான் மாரடைப்பு. சின்ன அடைப்பும் வெடிக்கும். சாற்றை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். போன மாதம் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தது என்று அலட்சியமாகவும் இருக்காதீர்கள்; அது போன மாதத்துக்குத்தான்.

கையில் இருக்கும் நேரம்

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, வலி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதைப் பிறகு செய்யாது. 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பயனில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஏறக்குறைய 50 கி.மீ. இப்படி வழியிலேயே நேரம் போய்விடக் கூடாது என்றுதான் 2023-இல் அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் வேளை மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

தயவுசெய்து பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பீடியை இன்றைக்கே விடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை ஒருநாள்கூட விடாதீர்கள். ராத்திரி 2 மணிக்கு யாரை எழுப்புவது என்று கூச்சப்படாதீர்கள். எழுப்புங்கள். வாயுவாகவே இருந்தால், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம்.